வைரத் தோடு: ஓப்பன் செட்டிங்கா, குளோஸ்டு செட்டிங்கா?

ஏழு கல் தோடு வாங்கப்போகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

ஒளி: ஓப்பனில் கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கும், வெளிச்சம் புகுந்து டாலடிக்கும். குளோஸ்டில் பின்புறத்தைத் தங்கம் மூடியிருக்கும். அடியில் வைத்த தகடுதான் பளபளப்புக்குத் துணை.

சோதனை: ஓப்பனைத் திருப்பி லென்ஸ் வைத்தால் கரும்புள்ளி, கீறல் எல்லாம் தெரிந்துவிடும். குளோஸ்டில் விற்பவர் சொல்வதுதான் கணக்கு. என்னைக் கேட்டால் இதுவே பெரிய வித்தியாசம். கல்லைப் பதிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பு: ஓப்பனில் எண்ணெயும் சோப்பும் படியும், மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். குளோஸ்டில் நீர் இறங்கினால் தகடு கறுக்கும்; பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

தங்கம்: குளோஸ்டு கூடுதலாகப் பிடிக்கும்.

தினமும் அணிய ஓப்பன். பட்டுப்புடவையோடு பாட்டி காலத்துக் களை வேண்டுமென்றால் குளோஸ்டு. குளிக்கப் போகும்போது கழற்றிவிடுங்கள்.