நீச்சல் சொல்லித் தரட்டுமா என்று கேட்டவன்

நீச்சல் குளத்தில் ஒரு பையன் சும்மா மிதந்துகொண்டிருக்கிறான், அவனுக்கு நீந்தத் தெரியாது. இன்னொரு பையன் வந்து, நான் சொல்லித் தரட்டுமா என்று கேட்கிறான். அமெரிக்க எழுத்தாளர் பெஞ்சமின் அலிரே சாயென்ஸ் 2012-ல் எழுதிய 'அரிஸ்டாட்டில் அண்ட் தாந்தே டிஸ்கவர் த சீக்ரெட்ஸ் ஆஃப் த யுனிவர்ஸ்' என்ற ஆங்கில நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. போன வாரம் இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் முறை காதல் கதை என்று நினைத்துக்கொண்டு, எப்போது சொல்லிக்கொள்வார்கள், எப்போது சொல்லிக்கொள்வார்கள் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இந்த முறைதான் தெரிந்தது, புத்தகத்தின் பெரும்பகுதி நட்பைப் பற்றியது, அதன் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

கதை நடப்பது 1987-ல், டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் எல் பாசோவில். கதையைச் சொல்பவன் ஆரி, பதினைந்து வயது, முழுப் பெயரில் அரிஸ்டாட்டில் உண்டு. மற்றவன் பெயர் தாந்தே. ஒருவனுக்குக் கிரேக்கத் தத்துவ ஞானியின் பெயர், இன்னொருவனுக்கு இத்தாலியக் கவிஞனின் பெயர். முதல் நாள் பெயர்களைச் சொல்லிக்கொண்டதும் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பிலேயே நட்பு ஒட்டிக்கொள்கிறது. ஆரியின் அப்பா தபால்காரர், வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர், அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அண்ணன் பெர்னார்டோ சிறையில் இருக்கிறான். ஏன் என்று யாரும் சொல்வதில்லை, வீட்டில் அவனுடைய ஒரு போட்டோகூடக் கிடையாது. தாந்தேயின் வீடு இதற்கு நேர் எதிர். அப்பா ஆங்கிலப் பேராசிரியர், மகனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பவர். முதல் தடவை அந்த வீட்டுக்குப் போகும் ஆரிக்கு, ஒரு அப்பாவும் மகனும் இப்படி இருக்க முடியுமா என்று ஆச்சரியம். நண்பன் வீட்டில் உட்கார்ந்து நம் வீட்டை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகப் புரியும்.

தாந்தேக்குச் செருப்பு, ஷூ எதுவும் பிடிக்காது. கவிதை படிப்பான், படம் வரைவான், ஒரு குருவி செத்தால் அழுவான். ஆரி அழ மாட்டான், கையை முறுக்கிக்கொண்டு சண்டைக்குப் போவான். ஆரி காய்ச்சலில் படுத்திருக்கும்போது தாந்தே கவிதைப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறான், படிக்கிறான், அறையில் இருக்கும் ஆடும் நாற்காலியை வரைகிறான். கதை என்று சொல்ல அந்தப் பக்கங்களில் ஒன்றும் நடப்பதில்லை. எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதான். உடம்பு சரியில்லாதபோது சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு ஆள் அந்த வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை சாயென்ஸ் ஒரு வரியில்கூட விளக்கவில்லை, ஆனால் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

அப்புறம் ஒரு மழை நாள். இறகொடிந்த பறவையைப் பார்த்து தாந்தே நடுத்தெருவுக்குப் போய்விடுகிறான், கார் வருகிறது, ஆரி பாய்ந்து அவனைத் தள்ளிவிடுகிறான். இரண்டு கால்களும் ஒரு கையும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆரி, யாரும் நன்றி சொல்லக் கூடாது, அந்த விபத்தைப் பற்றியே பேசக் கூடாது என்கிறான். ஏன் பாய்ந்தான்? தன்னை அறியாமல் செய்ததுதான், யாராக இருந்தாலும் செய்திருப்பேன் என்று நாவல் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். நமக்குப் பதில் தெரியும், அவனுக்குத் தெரியாது. கதை சொல்கிறவனைவிடப் படிக்கிறவருக்கு ஒரு படி அதிகம் தெரிந்திருக்கிற இந்த ஏற்பாடுதான் நாவலைத் தூக்கி நிறுத்துகிறது. ஆசிரியரும் பாதிரியாராக இருந்து, திருமணம் செய்து பிரிந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே தன் தன்பாலின ஈர்ப்பை வெளியே சொன்னவர். ஒருவன் தன்னிடமிருந்தே தன்னை எப்படி மறைத்துக்கொள்வான் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

தாந்தேயின் குடும்பம் ஓராண்டுக்குச் சிகாகோ போகிறது. அங்கிருந்து கடிதம் கடிதமாக எழுதுகிறான், தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்பதையும் ஒரு கடிதத்தில் சொல்லிவிடுகிறான். ஆரி அரிதாகத்தான் பதில் எழுதுகிறான். ஒருவன் எல்லாவற்றையும் கொட்டுவதும் இன்னொருவன் மூடிக்கொண்டே இருப்பதுமான நட்பு எவ்வளவு வலிக்கும், இருந்தும் ஏன் அது முறிவதில்லை என்பதை இந்தக் கடிதங்களை வைத்தே சாயென்ஸ் காட்டிவிடுகிறார். சொன்ன பிறகும் நண்பர்களாகவே இருக்கலாமா என்ற தாந்தேயின் பயம்தான் எனக்கு முதல் காதலின் பயமாகவே தெரிந்தது. காதலனாக ஏற்காவிட்டால் போகட்டும், நண்பனையும் இழந்துவிடக் கூடாது.

நடை எளிமையானது. குட்டிக் குட்டி அத்தியாயங்கள், பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன உரையாடல்கள், யார் பேசுகிறார்கள் என்று சில இடங்களில் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஆங்கில நாவல் படிக்கத் தயங்குகிறவர்களும் தைரியமாக எடுக்கலாம். வேகமான கதை வேண்டுமென்றால் முதல் நூறு பக்கங்கள் சோதிக்கும். ஆரி தன் சோகத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும் இடங்களில் எனக்கும் கொஞ்சம் சலித்தது.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

என் பெரிய குறை முடிவில் இருக்கிறது. தான் தாந்தேயைக் காதலிப்பதை ஆரியே கண்டுபிடிப்பதில்லை, அப்பாவும் அம்மாவும் உட்காரவைத்துச் சொல்கிறார்கள். முந்நூறு பக்கங்களுக்கு மேல் அவன் தட்டுத்தடுமாறித் தேடியதை வேறொருவர் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்களே என்று இரண்டு முறையும் தோன்றியது. ஆனால் இதே இரவில்தான் அந்த அப்பா முதன்முறையாகப் போரைப் பற்றிப் பேசுகிறார், அங்கே விட்டுவிட்டு வந்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். மகனைப் பேசவைப்பதற்காக அப்பா முதலில் பேசுகிறார். அந்த ஒரு காரணத்துக்காக என்னால் இந்தக் காட்சியை வெறுக்க முடியவில்லை. தாந்தே ஒரு பையனை முத்தமிட்டதற்காகச் சந்தில் வைத்து அடித்து நொறுக்கப்படுவதும், பெர்னார்டோ சிறைக்குப் போன காரணமும் ஒரே வெறுப்பிலிருந்து வந்தவை. அந்த முடிச்சை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். எய்ட்ஸ் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த 1987-ல் நடக்கும் கதையில் அதன் நிழலே விழவில்லை என்பதும் உறுத்துகிறது. 2021-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதை நேராக எடுத்துக்கொள்கிறார்.

2013-ல் தன்பாலின ஈர்ப்பு பற்றிய நூல்களுக்கான ஸ்டோன்வால், லத்தீன் அமெரிக்க வம்சாவளி எழுத்தாளர்களுக்கான புரா பெல்ப்ரே விருதுகளும், இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதின் சிறப்புத் தகுதியும் கிடைத்த புத்தகம் இது. 'ஹாமில்டன்' இசைநாடகத்தை எழுதிய லின் மானுவல் மிராண்டா குரல் கொடுத்த ஒலிப்புத்தகமும் இருக்கிறது. பத்தாவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுங்கள், முடிந்தால் கொடுப்பதற்கு முன் நீங்களும் படித்துவிடுங்கள். என் அக்கா மகனுக்குக் கொடுத்தேன். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது நாள், "சித்தி, ஆரியோட அப்பா பேசற இடம் வந்துடுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.