மைனஸ் 36 கிடங்கு: ஒரு ஃப்ரீசர் மெக்கானிக் போய்ப் பார்த்தது

கோல்ட் ஸ்டோரேஜ் வேலையில் எனக்கு இது இருபத்திரண்டாவது வருடம். தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் தொடங்கியது. டென்வர் பக்கம் லேக்வுட்டில் இருக்கும் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஐஸ் கோர் (பனிப்பாளத்தில் துளைத்து எடுத்த நீளப் பனி உருளை) கிடங்குக்கு மகள் கூட்டிப்போனாள். அவள் பனிக்காக வந்தாள், நான் மெஷினுக்காக.

சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. முன்னாடியே எழுதிக் கேட்டு நேரம் வாங்க வேண்டும். அரசு வளாகம், அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

முதலில் ஆய்வு அறை, மைனஸ் 24. எங்கள் ஐஸ்கிரீம் ரூம் மாதிரிதான், தாங்கலாம். துளை போட்டு எடுத்த பனி உருளையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் வரிவரியாகத் தெரிகிறது. வருடத்துக்கு ஒரு படலம். மேலே இருக்கும் பனியின் பாரத்தில் அது எவ்வளவு நசுங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சரிசெய்தால், அந்த வருடம் விழுந்த பனியின் அளவு கிடைத்துவிடும். கிரீன்லாந்தில் 1993-ல் 3,053 மீட்டர் வரை தோண்டி எடுத்த உருளையை இப்படி எண்ணியிருக்கிறார்கள். சுமார் 11,600 வருடத்துக்கு முன் ஒரு கடுங்குளிர்க் காலம் முடிந்தபோது, சில வருடங்களுக்குள்ளேயே அங்கே பனிப்பொழிவு இரண்டு மடங்காகியிருக்கிறது. என் கார் கடன்கூட அதைவிட நீளம்.

அப்புறம் பெரிய அறை, மைனஸ் 36. வெள்ளி நிறக் குழாய்கள் ரேக் ரேக்காக. மேற்கு அண்டார்டிகாவில் 3,405 மீட்டர் ஆழம் வரை எடுத்த 68,000 வருடப் பனியும் இங்கேதான். கடைக்காரர் 'எந்தக் குளிருக்கும் தாங்கும்' என்று தலையில் கட்டிய கையுறை இரண்டே நிமிடத்தில் பல்லிளித்தது. போனும் அணைந்துவிட்டது.

எனக்கு வேறு கவலை. மெஷின் நின்று இறால் கெட்டால் இன்சூரன்ஸ் இருக்கிறது, அடுத்த லாரியும் வரும். இந்தச் சரக்குக்கு அடுத்த லோடு கிடையாது. 2017 ஏப்ரலில் கனடாவில், ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஃப்ரீசர் பழுதாகி, அறை 40 டிகிரிக்குச் சூடேறி, சுமார் 180 மீட்டர் பனி தண்ணீராகப் போனது. கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் அது புரியும்.

லேக்வுட் கிடங்குக்காரர்கள், குளிரூட்டும் மெஷினில் ஓடும் பழைய ஆர்-22 வாயுவை விட்டு, கார்பன் டை ஆக்சைடில் ஓடும் மெஷினுக்குத் திட்டம் போட்டவர்கள். பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழியில் அளப்பதும் அதே வாயுவைத்தான். இதைச் சொல்லிச் சிரித்தேன், கூட வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மெஷினின் குளிர்க்குழாய்ச் சுருளில் (காயில்) உறைபனி பிடித்தால் அதை உருக்கி எடுக்கும் டீஃப்ராஸ்ட் எப்படி என்று ஆரம்பித்தேன். பல் கிட்டிப்போய் நின்ற மகள் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள்.

ஐந்துக்கு ஐந்து. கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி, நல்ல கையுறை. மெஷின் பற்றிய கேள்விகளை உள்ளே போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.