உப்புக்காற்று ஊரில் கார் ட்ரெய்லர்: அலுமினியமா, துத்தநாகம் தோய்த்த இரும்பா?

பெரியப்பா விட்டுச்சென்ற அம்பாசிடரை வருடத்துக்கு நான்கைந்து தடவையாவது வெளியூர் கொண்டுபோகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களுக்குத்தான். திருநெல்வேலி, திருவனந்தபுரம், ஒருமுறை கோயம்புத்தூர். ஓட்டியே போயும் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர் என்றால் சரி. கோயம்புத்தூர் 400 கி.மீ.க்கு மேல். அந்த வயதான வயரிங்கையும் ரேடியேட்டரையும் நம்பி அவ்வளவு தூரம் போனால், போகிற வழியெல்லாம் சூட்டு முள்ளைப் பார்த்தபடியேதான் இருக்க வேண்டும். அதனால்தான் காரை மேலே ஏற்றி இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லர்.

என் வீடு குளச்சலில், கடலில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள். அத்தான் வீடு குலசேகரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. அவரிடம் ஒரு பிரிமியர் பத்மினி இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில்தான் தேட ஆரம்பித்தோம். நான் அலுமினியத்தில் முடித்தேன், அவர் துத்தநாகம் தோய்த்த இரும்பில். அவரவர் ஊருக்கு அவரவர் எடுத்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அது ஏன் என்பதற்குத்தான் இந்த அலசல்.

மூடிய பெட்டி ட்ரெய்லரை நாங்கள் எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிட்டோம். மழையும் தூசியும் படாது, பூட்டிவைக்கலாம், உண்மைதான். ஆனால் நம் குமரி மாவட்டத்தில் இருந்து திருநெல்வேலி பக்கம் போக நாங்கள் எடுக்கும் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் போகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது காரணமில்லாமல் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே காற்று பக்கவாட்டில் அறையும். உயரமான தகரச் சுவர்களைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடக்க எனக்குத் தைரியம் இல்லை. திறந்த ட்ரெய்லரில் காற்றுக்கு முகம் கொடுப்பது கார் மட்டும்தான்.

பெயின்ட் அடித்த சாதா இரும்பு ட்ரெய்லரை அனுபவித்தே விலக்கினேன். பதிவுச் சான்றோடு கைமாறி வந்த ஒன்றை ஐந்து வருடம் வைத்திருந்தேன். வெளியே பார்க்கப் பளபளப்பாகவே இருந்தது. ஒருநாள் கழுவும்போது ஸ்கொயர் டியூபின் அடியில் ஒரு குமிழ் தெரிய, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். முனை உள்ளே போய்விட்டது. டியூபின் உட்புறத்துக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. டியூபுக்குள் போன தண்ணீர் காய்வதற்கு இடைவெளியே கிடைக்காது. கடலோரத்தில் இருப்பவர்கள் விலை குறைவு என்று இதை வாங்க வேண்டாம்.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்.

முதலில் எடை. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு: ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், இரும்புக்கு 7.85. அதற்காக ட்ரெய்லரின் எடையும் மூன்றில் ஒன்றாகிவிடாது. வளையாமல் நிற்கும் விறைப்பிலும் அலுமினியம் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். எனவே அதே பாரத்துக்கு இன்னும் ஆழமான, தடித்த சேனல்களைப் போட வேண்டியிருக்கும். அதோடு அச்சும் சக்கரமும் பிரேக்கும் இரண்டிலும் இரும்பேதான். 18 அடி நீளமும் இரட்டை அச்சும் கொண்ட திறந்த ட்ரெய்லர் என்றால், அலுமினியத்தில் சுமார் 700 கிலோ, இரும்பில் 1,000 கிலோவை ஒட்டி வரும். மிச்சம் 300 கிலோ.

அந்த 300 கிலோ எங்கே உதவுகிறது? அம்பாசிடர் சுமார் 1,150 கிலோ. அலுமினிய ட்ரெய்லரோடு சேர்த்தால் 1,850. இரும்போடு 2,150. இழுக்கும் என் இன்னோவா காலியாக 1,800 கிலோவை ஒட்டி, நானும் அத்தானும் ஏறினால் 1,900-ஐத் தாண்டும். பின்னால் வருவது முன்னால் போவதைவிடக் கனமாக இருக்கக் கூடாது என்பது நான் கைவிடாத கணக்கு. வளைவிலும் இறக்கத்திலும் எது எதை இழுக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் இழுவை எடை கொடுத்திருந்தால் அதைத் தாண்டவே கூடாது. எனக்கு அலுமினியத்தில் கணக்கு ஒட்டி வந்தது, இரும்பில் தாண்டிப் போனது. அத்தானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பத்மினி சுமார் 900 கிலோதான். அவருக்கு 16 அடி ட்ரெய்லரே போதும், இழுப்பதும் ஸ்கார்ப்பியோ.

அடுத்தது உப்பு. அலுமினியம் துருப்பிடிக்காது என்று விற்பவர்கள் சொல்வார்கள். செந்நிறத் துரு வராது என்பதுவரை உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் தானாக உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கும். ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் உப்பைப் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் குழி விழும், கடைசியில் ஓட்டை. கடல் உப்பும் அதையேதான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு உலோகங்கள் தொடும் இடம். அலுமினியச் சட்டத்தில் இரும்பு அச்சை போல்ட் போட்டு முறுக்கி, நடுவில் உப்புத்தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டும், ஓட்டை அகலும், பிடிப்பு தளரும். ஆகவே அலுமினிய ட்ரெய்லரைப் பார்க்கப் போனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கீழே படுத்து, அச்சு சட்டத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நடுவில் நைலான் அல்லது ரப்பர் தகடு இருக்கிறதா? போல்ட் ஸ்டெயின்லெஸ்ஸா, வாஷருக்கு அடியில் தடுப்பு இருக்கிறதா? பெரிய அலுமினியத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் அரிப்பு பரவலாகி மெதுவாகும். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டை சின்ன அலுமினியத் துண்டில் வைத்தால் அந்தத் துண்டு சீக்கிரம் போய்விடும். நான் பார்த்த முதல் அலுமினிய ட்ரெய்லரை இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று திரும்பினேன்.

விளக்குகளுக்கும் இதே கதைதான். சட்டத்தையே எர்த்தாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த இணைப்பு முதல் மழைக்காலத்திலேயே பொடிகட்டும், பின்விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். எர்த்துக்குத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

துத்தநாகம் தோய்த்த இரும்புக்கு இந்த இடத்தில் பெரிய பலம் உண்டு. செய்துமுடித்த சட்டத்தை அப்படியே சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். டியூபில் சரியான ஓட்டைகள் விட்டிருந்தால் உட்புறமும் பூச்சு ஏறிவிடும். என் பழைய ட்ரெய்லரைக் கொன்றது அந்த உட்புறம்தான் என்பதால் எனக்கு இது பெரிய விஷயமாகவே தெரிந்தது. 6 மி.மீ.க்கு மேல் தடித்த இரும்பில் பூச்சு சராசரியாக 85 மைக்ரான் இருக்க வேண்டும். கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

இங்கே ஒரு ஏமாற்று நடக்கிறது, கவனியுங்கள். ஏற்கெனவே துத்தநாகம் பூசிக் கடையில் விற்கும் ஜி.ஐ. டியூபை வாங்கி வெட்டி வெல்டிங் செய்துவிட்டு, அதையும் "ஜி.ஐ. ட்ரெய்லர்" என்றே விற்பார்கள். வெல்டிங் பட்ட இடத்தில் எல்லாம் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். மேலே வெள்ளிப் பெயின்ட் பூசி மறைத்திருப்பார்கள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வெல்டிங் முடிந்த பிறகு முக்கியதா, முன்பா என்று நேராகவே கேளுங்கள். வெல்டிங் தழும்பின்மேலும் ஒரே மாதிரி சாம்பல் பூச்சு ஓடியிருந்தால் பிறகு முக்கியது.

சரி, உடைந்தால்? இதில் இரும்புக்கே என் ஓட்டு. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இரும்பைப் பற்றவைக்க ஆள் உண்டு. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், அதிலும் கை தேறியவர் வேண்டும். நாகர்கோவிலில் ஒரு பட்டறை அண்ணாச்சியிடம் கேட்டபோது அவர் சொன்னது: "இரும்புன்னா ரெண்டு ராடு எரிச்சா தீர்ந்துது. அலுமினியத்துல ஒட்டுன இடம் நல்லாத்தான் இருக்கும், அதுக்குப் பக்கத்துலதான் விடும்." அனுபவத்தில் சொன்னாலும் துல்லியமாகச் சொன்னார். ட்ரெய்லர் சட்டங்களுக்குப் பரவலாகப் போடும் 6061-டி6 கலவையில், வெல்டிங் வெப்பம் பட்ட பகுதி தன் பலத்தில் சுமார் 40 சதவீதம் வரை இழக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் அதைக் கணக்கில் எடுத்துத் தடிமன் கூட்டுவார்கள், முக்கியமான இணைப்புகளை போல்ட்டில் செய்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. இரும்பில் ஒரு எல்லைக்குள் அதிர்ச்சி விழும்வரை எத்தனை லட்சம் தடவை குலுங்கினாலும் அது சோர்ந்து போகாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சின்னக் குலுக்கலும் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். களியக்காவிளையில் இருந்து நாகர்கோவில் வரும் சாலையின் பள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை வெல்டிங் ஓரங்களைத் துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை ஸ்ப்ரே செய்து பார்க்கிறேன். அரை நாள் வேலை. அந்த அரை நாளைக் கொடுக்க முடியாதவர்கள் இரும்பே வாங்கட்டும்.

காரை நிறுத்தும் தளத்தில் அத்தான் எனக்கு மேல் போய்விட்டார். நடுவில் திறந்த சட்டம், இரண்டு பக்கமும் அயினிப் பலகை. வள்ளம் கட்டும் மரம், தண்ணீருக்கு அசையாது. மழையில் கால் வழுக்குவதும் இல்லை. என் அலுமினியத் தளத்தில் வரி வரியாகப் பிடிமானம் இருந்தும் ஈரமானால் எச்சரிக்கையாகத்தான் நடக்க வேண்டும்.

இந்த இரண்டு உலோகங்களையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது நீளம். காரணம், பழைய ட்ரெய்லரோடு முப்பந்தலில் நடந்தது. இறக்குவது சுலபமாக இருக்கும் என்று அன்றைக்கு அம்பாசிடரைப் பின்பக்கமாக ஏற்றியிருந்தோம். எஞ்சின் ட்ரெய்லரின் வால் பக்கம். 70 கி.மீ. வேகத்தில் ஒரு காற்று அடித்ததும் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிட அகலம். பக்கத்தில் இருந்த அத்தான், "பிரேக்கைத் தொடாதே, காலை எடு" என்றார். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்ததில் மெல்ல அடங்கியது. ஓரம் கட்டியபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கொக்கியின்மேல் விழும் எடை, ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 1,850 கிலோவுக்கு 185 முதல் சுமார் 278 கிலோ. குறைந்தால் வாலாட்டும், கூடினால் இழுக்கும் வண்டியின் மூக்கு தூக்கும். இதை எடைமேடையிலேயே பார்த்துவிடலாம். ட்ரெய்லரைக் கழற்றி முழுசாக மேடையில் நிறுத்தி ஒரு எடை. பிறகு வண்டியில் மாட்டி, ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியின் பாரம். அதைச் சரிசெய்யக் காரை முன்னே பின்னே நகர்த்த இடம் வேண்டும். அம்பாசிடர் 4.3 மீட்டர். 16 அடித் தளத்தில் அரை மீட்டர்தான் மிச்சம், 18 அடியில் 1.2 மீட்டர். என் காருக்கு 18 அடிக்குக் குறைந்து வாங்கியிருந்தால் அது தப்பு. 18 அடியின் எடையை என் வண்டி தாங்க வேண்டும் என்பதால்தான் அலுமினியம் இன்னும் அவசியமானது.

பிரேக்கில் எனக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை. தள்ளுவிசையில் தானாகப் பிடிக்கும் பிரேக் எளிமையானது, நம் மெக்கானிக்குகளால் பிரித்துப் பூட்ட முடியும். அதைத்தான் இரண்டு அச்சிலும் போட்டிருக்கிறேன். மின்சார பிரேக் என்றால் வாலாட்டும்போது ட்ரெய்லரை மட்டும் தனியாகப் பிடித்து நேராக்கலாம். அதற்கான கருவி கெட்டுப்போனால் இங்கே பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் விட்டேன். சக்கரத்துக்கு, பொலிரோவின் 15 அங்குல டயர் ஏறும்படி பார்த்து வாங்கினேன். ராத்திரியில் வழியில் வெடித்தாலும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

காகிதம்: மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. எனக்கு மார்த்தாண்டம், டி.என். 75. முன்பணம் கொடுக்கும் முன்பே தயாரிப்பாளரின் தகுதிச் சான்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிக் கேட்டுக்கொண்டேன். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் ட்ரெய்லர்கள் தோட்டத்தில் தேங்காய் சுமக்கின்றன.

விலையில் அலுமினியம் கூடுதல்தான், கிலோவுக்கு இரும்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். குலசேகரத்தில் உப்பு இல்லை, கார் இலகு, பட்டறை பக்கம். அத்தான் அந்தப் பணத்தைச் செலவழித்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் உள்ளவர்கள், இழுக்கும் வண்டியும் என்னுடையதைப் போல நடுத்தரம் என்றால், கொடுக்கலாம்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுக்கக் கழுவுகிறேன். கொக்கி முனையைக் கொஞ்சம் தாழ்த்தி நிறுத்துகிறேன், சேனலுக்குள் தங்கும் தண்ணீர் வடிய. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீல் பேரிங்கைக் கழற்றி கிரீஸ் மாற்றுகிறேன். சென்ற முறை கழற்றியபோது கிரீஸ் பழுப்பாகவே இருந்தது. தண்ணீர் புகுந்திருந்தால் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும்.