பெட்டியா, ஃபோனா: ஏற்காடு ஏறி இறங்கிப் பார்த்த கணக்கு

"இதெல்லாம் இன்னுமா மாமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே என் மச்சினன் கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த, செயற்கைக்கோளை வைத்து வழி சொல்கிற ஜிபிஎஸ் பெட்டியைப் பிடுங்கி டேஷ்போர்டுக்குள் போட்டான். அந்த இடத்தில் அவனுடைய ஃபோன் ஸ்டாண்டு ஏறியது. வண்டி இரண்டு பேருக்கும் பொது. ஏற்காட்டில் மிளகும் காபியும் வாங்கிச் சேலம் லீ பஜார்ச் சந்தைக்குக் கொண்டுவருவது எங்கள் தொழில். வாரத்தில் மூன்று நாள் நான் ஓட்டுவேன், மிச்ச நாள் அவன்.

ஒரு மாதம் ஃபோனை வைத்தே ஓட்டினோம். அப்புறம் ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டு மெயின் மலை ரோட்டில் ஏறி, குப்பனூர் வழியாக வருகிற இன்னொரு மலை ரோட்டில் இறங்கினோம். இப்போது பெட்டி மறுபடியும் கண்ணாடியில் இருக்கிறது. நான் பெட்டி கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக எல்லாரும் ஓடிப் போய் ஒன்று வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம். ஃபோன் ஏற்கெனவே கையில் இருக்கிறது, தனிச் செலவு கிடையாது. நெரிசலைச் சிவப்புக் கோட்டில் காட்டும். கடைப் பெயரை அடித்தால் திறந்திருக்கிறதா என்பது வரை சொல்லும். பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. அதில் சிம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை, நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். புது வண்டிகளில் வருகிற பெரிய திரையைத் தனியாகச் சேர்க்கவில்லை. ஃபோனை வண்டித் திரையோடு இணைக்கிற ஆண்ட்ராய்டு ஆட்டோ என்றால் ஃபோனில் இருக்கிற வரைபடம்தான் அங்கே பெரிதாகத் தெரிகிறது.

சேலம் ஊருக்குள் ஃபோன்தான், வாதமே இல்லை. ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் முழுசாகத் திறந்தது. அப்போது என் பெட்டிக்குள் இருந்தது அதற்கு முந்தைய வரைபடம். நான் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருப்பேன். பெட்டி என்னைக் கீழ் ரோட்டில் ஓட்டிக்கொண்டு, வலது பக்கம் திரும்பச் சொல்லும். திரும்பினால் நேராகக் கீழே இருக்கிற டீக்கடையில் போய் இறங்க வேண்டியதுதான். புதுப்பித்த பிறகு பாலம் வந்துவிட்டது, ஆனாலும் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று அவ்வப்போது குழம்பும். அதில் வரைபடத்தைக் குறை சொல்ல முடியாது. நமக்குச் சிக்னல் வருகிற செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்கு அடியில் இருப்பவற்றைப் பூமியே மறைத்துவிடும். அதனால் இடத்தைக் கணக்கிடுகிற அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகக் கணக்கிட வராது. ஃபோனும் அங்கே தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குள் ஃபோன் எங்களை ஒரு தரம்தான் மாட்டிவிட்டது, அதுவும் மச்சினன் தப்பு. கூகுள் மேப்ஸில் 2017 டிசம்பரிலிருந்து இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டுகிற வசதி இருக்கிறது. முந்தின நாள் ஸ்கூட்டரில் போனவன் அதை மாற்ற மறந்துவிட்டான். மிளகு மூட்டையோடு செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் நுழைந்தோம். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, ஒரு பாட்டி திண்ணையிலிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கை காட்ட, ரிவர்ஸிலேயே வெளியே வந்தோம்.

அடிவாரம் தாண்டினால் கதை மாறுகிறது. மெயின் மலை ரோட்டில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அதில் ஏறிவிட்டால் ஒரே ரோடுதான், அங்கே வழி சொல்ல யாரும் தேவையில்லை. குரலை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் ஏறினால் போதும். ரோடு ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்து கிடப்பதால் திரையில் அம்பு சில நேரம் கீழ் மடிப்புக்குத் தாவிவிட்டுத் திரும்ப வரும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

வேலை ஏற்காட்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு, வாழவந்தி என்று எஸ்டேட் ரோடுகள் பிரிகின்றன. சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. எந்தத் திருப்பத்தைப் பார்த்தாலும் போன திருப்பம் போலவே இருக்கும். பனி இறங்கினால் அதுவும் தெரியாது.

சோதனை நாளன்று நாகலூர் தாண்டி ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். வேண்டுமென்றே இல்லை, நிஜமாகவே பனி. ஃபோனில் அம்பு சரியாகத்தான் நகர்ந்தது. செயற்கைக்கோள் சிக்னலுக்கு டவர் தேவையில்லையே. ஆனால் வரைபடம் இணையத்தில்தான் வர வேண்டும், அங்கே டவர் இல்லை. அதனால் அம்புக்குப் பின்னால் ரோடு வரவில்லை. வெறும் சாம்பல் நிறக் கட்டம், அதன் நடுவே அந்த அம்பு. புது வழி தேடுகிறேன் என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டி ஐந்தாறு விநாடி யோசித்துவிட்டு, முன்னால் ஒரு பிரிவில் திரும்பி வரச் சொல்லிக் கோடு போட்டுவிட்டது.

"மேப்பை டவுன்லோடு பண்ணி வெச்சிருந்தா இதுவும் காட்டியிருக்கும் மாமா," என்றான் மச்சினன். உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் பண்ணி வைக்கவில்லை. பண்ணி வைத்தாலும் குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். அதோடு, சிக்னல் இல்லாத இடத்தில் நெரிசலும் தெரியாது, மாற்று வழியும் வராது. அந்த நேரத்தில் ஃபோனும் ஒரு பெட்டிதான், யாரும் பராமரிக்காத பெட்டி.

மலையிலும் ஃபோனுக்கு ஒரு பக்கம் கை ஓங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் பாறை உருண்டு மெயின் ரோட்டை அடைத்தால் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவார்கள். பெட்டிக்கு இது தெரியவே தெரியாது. கோரிமேட்டிலிருந்து குப்பனூர் வரைக்கும் திரும்பு திரும்பு என்று நச்சரிக்கும். ஃபோனுக்குத் தெரியலாம், தாமதமாகவும் தெரியலாம். நான் இரண்டையும் நம்பாமல், இறங்கி வருகிற பஸ்காரரிடம் கேட்டுவிடுவேன்.

காலையில் கிளம்பும்போதும் ஃபோன் முந்திக்கொள்ளும். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெட்டி அதை வானத்திலிருந்தே வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில் பேசுகிறது, தன் சுற்றுப்பாதை விவரத்தைச் சொல்லி முடிக்கவே அதற்குக் கிட்டத்தட்ட 30 விநாடி. நடுவில் மரமோ கட்டடமோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நாள் ஷெட்டில் கிடந்த பெட்டியை, வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தயாராக இருக்கும். ஓடிக்கொண்டே பிடிக்கச் சொன்னால் தவிக்கும்.

நான் பெட்டியை விடாமல் இருப்பதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. நாங்கள் மிளகு வாங்கப் போகிற வீடுகளுக்குக் கதவு எண்ணும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று "இந்த இடத்தைச் சேமி" என்று அழுத்தி நானே பெயர் வைத்திருக்கிறேன். 'நீலக் கேட்', 'ரெண்டு நாய்', 'பலா மரம் மேல் வீடு', 'மூட்டை நாமே தூக்கணும்'. இப்படி நாற்பதுக்கு மேல் இருக்கும். ஃபோனிலும் சேமிக்கலாம், ஆனால் அது என் ஃபோனில்தான் இருக்கும். மச்சினன் தனியாகப் போகிற நாளில் அவனுக்கு உதவாது. பெட்டி வண்டியோடேயே இருக்கிறது, யார் ஓட்டினாலும் 'ரெண்டு நாய்' வீட்டுக்குச் சரியாகப் போகலாம்.

இனிமேல் சொல்லப்போவதை வைத்துத்தான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். வரைபடத்தைப் புதுப்பிப்பது. பெட்டி வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கிப் போட்டதற்கு நான் கேட்ட வரையில் முக்கால்வாசி இதுதான் காரணம். வாங்கிய அன்று இருந்த வரைபடத்தோடு ஐந்தாறு வருஷம் ஓட்டுவார்கள். வயலுக்குள் போவதாகத் திரை காட்டும். "தண்டம்" என்று திட்டிவிட்டு அலமாரியில் வைப்பார்கள். பெட்டி பழுதாகியிருக்காது, உள்ளே இருக்கிற ஊர்தான் பழசாகியிருக்கும்.

புதுப்பிப்பதும் லேசான வேலை இல்லை. என் பெட்டிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், ஃபோனில் ஆகாது. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் பெட்டியைக் கண்டுகொள்ளாது. முதல் தடவை இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். என் பெட்டியில் இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. காருக்கென்று கொடுத்த சார்ஜரை விட்டுவிட்டுச் சாதா கேபிளைக் காரில் செருகினால், கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு திரையில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு வழி சொல்வதை நிறுத்திவிடும். மென்பொருளை இறக்கி, வரைபடத்தை இறக்கி, ஏற்றி முடிக்க எனக்கு அரை நாள் ஆகும். நடுவில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பழைய பெட்டிகளில் உள்ளிடம் போதாது, முழு வரைபடத்துக்கு மெமரி கார்டு போட வேண்டி வரும்.

'ஆயுள் முழுவதும் இலவச வரைபடம்' என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கார்மின் கம்பெனியின் நூவி வகைப் பெட்டிகளில் மாடல் எண்ணுக்குப் பின்னால் எல்எம் (LM) என்று இருந்தால் அந்த வசதி உண்டு என்று அர்த்தம். ஆனால் ஆயுள் என்றால் நம் ஆயுள் இல்லை, பெட்டியின் ஆயுள். அதிலும், வரைபடம் கொடுக்கிறவர் அவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தினால் அதோடு முடிந்தது. 24 மாதம் எந்தப் புதுப்பிப்பும் இறக்காமல் இருந்தால் பெட்டி பயன்பாட்டில் இல்லை என்று கருதலாம் என்றும் நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கிறது. பொடி எழுத்து என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

அதனால் நான் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆடி 18 ஒட்டி ஒரு ஞாயிறும் பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிறும் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். வண்டிக்கு ஆயில் மாற்றுவது போலத்தான். இந்த அரை நாளை ஒதுக்க முடியாதவர் பெட்டி வாங்கவே கூடாது, ஃபோனே போதும்.

பழைய பெட்டி வாங்குவதாக இருந்தால் கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். அமைப்புகளுக்குள் போய் எந்த வருஷத்து வரைபடம் என்று பாருங்கள். வெளியே வெட்டவெளியில் வைத்து, செயற்கைக்கோள் பிடித்த பிறகு தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னலில் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும்; கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6. உள் மென்பொருளைக் கவனிக்காமல் விட்ட சில பெட்டிகள் கிட்டத்தட்ட இருபது வருஷம் பழைய தேதியைக் காட்டும். தேதி தப்பு என்றால் அதை யாரும் சீண்டவில்லை என்று தெரிந்துவிடும். மூன்றாவது, முதுகுப் பக்கம் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த பேட்டரி அப்படித்தான் ஆகும். விற்கப் போனால் ஒன்றும் தேறாது, அந்த நினைப்பே வேண்டாம். என்னுடையதைக் கேட்ட கடைக்காரர் ஸ்டாண்டுக்கு மட்டும் நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார்.

வெயிலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஃபோன் சூடாகித் திரையை மங்கவைத்துக்கொள்ளும். பெட்டி மங்காது, ஆனால் ஒட்டுகிற ரப்பர் இளகி மடியில் விழும். ஒரு தடவை பதினான்காவது வளைவில் விழுந்து கிளட்ச் பக்கம் உருண்டது. அன்றிலிருந்து ரப்பரை ஈரத்துணியால் துடைத்து ஒட்டுகிறேன், நிறுத்தும்போது கழற்றி உள்ளே வைக்கிறேன்.

சேலத்தைத் தாண்டி நீண்ட தூரம் பெட்டியை நம்பிப் போனது இரண்டே தடவை. நான்குவழிச் சாலையில் எதை வைத்தாலும் போய்ச் சேரலாம், அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மேப்பிள்ஸ் செயலியில் சந்திப்புகளை முப்பரிமாணத்தில் காட்டுவது நன்றாக இருக்கிறது என்று மச்சினன் சொல்கிறான். நான் ஒரு வாரம்தான் பார்த்தேன், ஊருக்குள் பிடித்திருந்தது.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்: அடிவாரம் வரை அவன் ஃபோன், அதற்கு மேல் பெட்டி. அடுத்த புதுப்பிப்பு பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. இந்தத் தடவை கேபிளை மாட்டிக்கொண்டு உட்காருவது மச்சினன் வேலை என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.