காலாவதியான லிஸ்டிங்கில் ஒரு வீடு: எங்கள் முகவரின் சேவை பற்றி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மூன்று மாதங்கள் விற்பனைக்கு நின்று, எவரும் வாங்காமல் 2025 ஏப்ரல் 30ஆம் திகதியோடு லிஸ்டிங் (முகவர் நிறுவனம் வழியாக விற்கும் ஒப்பந்தம்) காலாவதியான ஒரு வீட்டை நாங்கள் ஜூலையில் வாங்கினோம். எங்களுக்காக வேலை செய்த தமிழ்ப் பெண் முகவரிடம் அனுமதி கேட்காததால் அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஓஃபர் கொடுக்க நினைப்பவர்கள் முகவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

எவரும் வந்து பார்க்கலாம் என்று வீட்டைத் திறந்து வைத்த மார்ச் மாதத்து ஓப்பன் ஹவுஸில் அதைப் பார்த்திருந்தோம். முதலில் 1,149,000 டொலர் கேட்டார்கள். பிறகு 1,079,000 ஆகக் குறைத்தார்கள். அதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை. மே மாதத் தொடக்கத்தில், வீட்டு விற்பனை விவரங்களைக் காட்டும் ஹவுஸ்சிக்மா செயலியில் அதன் நிலை ‘எக்ஸ்பயர்ட்’ என்று மாறியிருப்பதை மனைவி கண்டார். அன்று மாலையே போய்க் கதவைத் தட்டி, முகவர் கட்டணம் இல்லாமல் விலை பேசிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். முகவர் தொலைபேசியிலேயே அதைத் தடுத்துவிட்டார்.

“அண்ணை, விலையைப் பிறகு கதைப்பம். வீட்டுக்காரர் பழைய கொம்பனியோட எழுதின ஒப்பந்தத்தில ஹோல்ட்ஓவர் எத்தனை நாள் எண்டு முதல்ல தெரியோணும்.”

ஒன்ராறியோவில் வழக்கமாகப் பயன்படும் லிஸ்டிங் ஒப்பந்தப் படிவத்தில் அந்த நாட்களை எழுதுவதற்கென்று ஒரு வெற்றிடம் இருக்கும். லிஸ்டிங் நடப்பில் இருந்தபோது வீட்டைப் பார்த்த ஒருவருக்கு, காலம் முடிந்த பிறகு அத்தனை நாட்களுக்குள் விற்பதற்கு உரிமையாளர் சம்மதித்தால், பழைய நிறுவனம் தன் கமிஷனைக் கேட்கலாம். ஓப்பன் ஹவுஸில் அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்த நாங்களும் அந்த ஒருவரில் அடக்கம். ‘எக்ஸ்பயர்ட்’ என்பதும் ‘சஸ்பெண்டட்’ என்பதும் வேறு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்: பின்னதில் விளம்பரம் மட்டுமே நிற்கும், ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், வேறு முகவர் உரிமையாளரை நேரடியாக அணுகக் கூடாது.

உரிமையாளர் எண்பதை நெருங்கிய, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பெரியவர். முகவர் அவரைத் தொலைபேசியில் அழைக்காமல், எங்களைப் பற்றி நான்கு வரிகளில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். நாட்டின் ‘அழைக்காதீர்’ பட்டியலில் இருக்கும் எண்ணை வீட்டு முகவர்கள் வியாபாரத்துக்காக அழைக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரியவருடைய சாப்பாட்டு மேசைக்குப் போனபோதுதான் புரிந்தது: லிஸ்டிங் முடிந்த மறுநாளிலிருந்து வந்து குவிந்த முகவர்களின் விளம்பர அட்டைகள் ஒரு ரப்பர் பட்டியில் கட்டப்பட்டுக் கிடந்தன. அந்தக் கட்டின் கீழிருந்துதான் அவர் தன் பழைய ஒப்பந்தத்தை உருவி எடுத்தார். வெற்றிடத்தில் நீல மையில் ‘60’ என்று எழுதியிருந்தது.

“இதுக்கு நான் என்ன செய்யோணும், பிள்ளை?” என்று அவர் கேட்டார். “ஐயா, நான் இவையளுக்காக வந்தனான். உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உங்கட லோயரிட்டைக் காட்டுங்கோ” என்றார் முகவர். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தனக்கென்று முகவர் இல்லாதவரிடம் முகவர் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். அதற்குரிய தகவல் கையேட்டையும் கொடுத்து விளக்கினார். ஆனாலும் இரண்டு வார்த்தை பேசி அந்த மனிதரைத் தன் வழிக்குத் திருப்பியிருக்கக்கூடிய இடம் அது. அவர் திருப்பவில்லை. நான் அவரை முழுமையாக நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

பெரியவருடைய சட்டத்தரணி அறுபது நாள் கழியும்வரை காத்திருக்கச் சொன்னார். அதற்குள் வேறு யாராவது வந்துவிடலாம் என்ற பதற்றத்தோடு ஜூன் 29 வரை இருந்தோம். கனடா தினம் கழிந்து ஜூலை 2 அன்று 985,000 டொலருக்கு ஓஃபர் எழுதினோம். கேட்ட விலையை விட்டுவிட்டு, அந்தப் பகுதியில் அண்மையில் விற்ற வீடுகளின் விலைகளை முகவர் அச்சிட்டு ஓஃபரோடு இணைத்தார். பெரியவர் திருத்தி அனுப்பிய 1,012,000 டொலரில் பேச்சு முடிந்தது. லிஸ்டிங் நிறுவனம் என்று ஒன்று இல்லாததால் முற்பணக் காசோலை எங்கள் முகவருடைய நிறுவனம் பிறர் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்குக்குப் போனது.

குறைகளும் உண்டு. ஸ்மார்ட்போனே இல்லாத மனிதருக்கு ஓஃபரை மின்கையொப்பத்துக்கு அனுப்பியது பெரிய கவனக்குறைவு. ஓஃபர் இரவு 11:59க்குக் காலாவதியாகும் நிலையில், ஒன்பது மணிக்குத்தான் விஷயம் தெரியவந்து, காகிதப் பிரதியோடு காரில் ஓடினார். ரொறன்ரோ நகர எல்லைக்குள் மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று நில மாற்று வரியை இரண்டு முறை கட்ட வேண்டும்; எங்கள் விலைக்கு ஒவ்வொன்றும் 16,715 டொலர். முதல் வீடு வாங்குபவர்களுக்கு உள்ள கழிவு எங்களுக்கு இல்லை. இந்தத் தொகையை முதல் வாரத்திலேயே எழுதிக் காட்டியிருக்க வேண்டியவர் முகவர். சட்டத்தரணியின் கடிதத்தில் பார்த்துத்தான் நாங்கள் திகைத்தோம்.

கட்டணத்தில் மட்டும் ஒளிவுமறைவு இருக்கவில்லை. விற்பவர் கொடுக்காத பங்கை வாங்குபவர் கொடுக்க வேண்டும் என்பது முதல் நாள் நாங்கள் கையொப்பமிட்ட பிரதிநிதித்துவ ஒப்பந்தத்திலேயே இருந்தது, அவரும் அந்த வரியை விரலால் காட்டி வாசித்தார். அவருடைய 2.5 வீதத்தில் பெரியவர் 1.5 வீதத்துக்கு ஒப்புக்கொண்டார். மீதி ஒரு வீதமும் 13 வீத வரியுமாக 11,435 டொலர் 60 சதத்துக்கு நான் காசோலை எழுதினேன்.