வெசிக்கிளா, கடத்துப் புரதமா: செல்லுக்குள் லிப்பிடின் இரு வழிகள்

செல்லின் சவ்வுகளைக் கட்டும் கொழுப்புப் பொருள்களான லிப்பிடுகள் பெரும்பாலும் தயாராவது செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலில். அங்கிருந்து மற்ற சவ்வுகளுக்குப் போகவேண்டும்; நடுவிலோ தண்ணீர்; லிப்பிடு அதில் கரையாது.

வெசிக்கிள் (சிறு சவ்வுப் பை) வழி பாடப்புத்தகத்திலேயே உண்டு. சவ்வு குமிழாகப் பிதுங்கி, அறுபட்டு, போய்ச்சேரும் சவ்வோடு கலந்துவிடும். புரதங்களும் கூடவே பயணிக்கும். மொத்தச் சரக்குக்கு இது சரி; ஒரே ஒரு வகை லிப்பிடைப் பொறுக்கி அனுப்பத் தோதுப்படாது. மைட்டோகாண்ட்ரியாவோ இந்தத் தடத்திலேயே இல்லை.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. இரண்டு சவ்வுகள் ஏறக்குறைய 10 முதல் 30 நானோமீட்டர் வரை நெருங்கும் இடங்களில், கடத்துப் புரதங்கள் லிப்பிடைக் கைமாற்றுகின்றன. 2003-இல் கென்டாரோ ஹனாடா குழு அடையாளம் கண்ட செர்ட் புரதத்தைப் பாருங்கள். தண்ணீர் படாத ஒரு குழிக்குள் செராமைடு என்ற லிப்பிடின் ஒரே ஒரு மூலக்கூறை வைத்து, எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கி என்ற சவ்வு உறுப்புக்குக் கொண்டுபோகிறது. அங்கே அந்தச் செராமைடு, ஸ்பிங்கோமயலின் என்ற இன்னொரு லிப்பிடு ஆகிறது. செர்ட் பழுதான செல்களில் ஸ்பிங்கோமயலின் உற்பத்தி சரிகிறது. அதே செராமைடிலிருந்து வரும் குளுக்கோசில்செராமைடு என்ற லிப்பிடுக்கு அவ்வளவு அடி விழுவதில்லை. அதன் தடம் வேறு!

ஓ.எஸ்.பி.பி. இன்னும் கெட்டிக்காரப் புரதம்: கொலஸ்ட்ராலைக் கோல்கியில் இறக்கிவிட்டு, பி.ஐ.4.பி. என்ற லிப்பிடை ஏற்றிக்கொண்டு எண்டோபிளாச வலைக்குத் திரும்பும்.

‘மொத்தச் சரக்கென்றால் வெசிக்கிள்தான்’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வி.பி.எஸ்.13 புரதம் இரு சவ்வுகளுக்கும் இடையே பாலம் போட்டு, நீளமான பள்ளம் வழியே லிப்பிடுகளை வரிசையாக வழியவிடுகிறது. இது பிசகினால் நரம்பு நோய்கள்: இந்தப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த வி.பி.எஸ்.13-சி மரபணுவில் பிழை இருந்தால், இளவயதிலேயே தொடங்கும் ஒருவகை பார்க்கின்சன்.