எபிரேயமும் யூத மூல நூல்களும் கற்பிக்க எந்த இணையதளம்? செஃபாரியா, அல்ஹதோரா, மெக்கோன் மம்ரே: ஓர் ஒப்பீடு

எபிரேய மொழியையும் யூத மரபின் மூல நூல்களையும் கற்பிக்கும் ஆசிரியருக்கு இன்று நூல் கிடைக்கவில்லை என்ற குறை இல்லை. தனாக் எனப்படும் எபிரேய மறைநூல், மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு, அதன்மீதான விவாதங்களைக் கொண்ட தல்மூத், மறைநூலை விரித்துரைக்கும் மித்ராஷ், இடைக்கால உரைகள் என ஒரு பெரும் நூலகமே கட்டணமின்றித் திரையில் விரிகிறது. எந்த மாணவருக்கு, எந்தக் கட்டத்தில், எதைத் திறந்து வைப்பது என்பதில்தான் ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். இத்தளங்களை நான் ஒரே அளவுகோலால் எடைபோடுகிறேன்: பாடம் முடியும்போது மாணவர் எபிரேய வரியைத் தாமே படித்திருக்க வேண்டும். பக்கத்திலுள்ள ஆங்கிலத்தைப் படித்துவிட்டு மூலத்தைப் படித்ததாக அவர் நம்பிக்கொண்டால், தளம் எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் பாடம் நடக்கவில்லை என்றே பொருள்.

மொழியின் தொடக்கப் படிகளில் இரண்டு வழிகள் உள்ளன. டுவோலிங்கோ செயலியின் எபிரேயப் பாடம் 2016 முதல் கிடைக்கிறது. அது கற்பிப்பது இன்றைய இஸ்ரேலில் பேசப்படும் மொழியை. 2020இல் யூடியூபில் தொடங்கிய 'ஆலெஃப் வித் பெத்' என்னும் இலவசக் காணொளி வரிசை, மறைநூல் எபிரேயத்தை எபிரேயத்திலேயே பேசி, படங்களையும் பொருள்களையும் காட்டி, நடித்து விளக்குகிறது. மறைநூலைப் படிப்பதே நோக்கம் என்றால் இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். 'யோமர்' என்றால் 'சொல்வார்'. அதற்கு முன் 'வ' சேர்ந்து 'வய்யோமெர்' என்றானதும் அது 'சொன்னார்' என்று பொருள்படுகிறது. இன்றைய பேச்சில் புழங்காத இந்த வினையமைப்பு தனாக்கின் கதைப்பகுதிகளில் தொடர்ந்து வருவதால், செயலியில் மாதக்கணக்கில் பயின்றவரும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே இதில் இடறிவிடுகிறார். ஆலெஃப் வித் பெத் கிறிஸ்தவப் பின்னணியில், மறைநூல் மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோரை மனத்தில் கொண்டு உருவானது. ரபீக்கள் எனப்படும் யூத சமய அறிஞர்களின் எபிரேயமும் தல்மூதின் அரமேயமும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்பதை யூத நூல்களை நோக்கிச் செல்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவருக்கு மெக்கோன் மம்ரே போதும். பக்கங்களின் தோற்றம் பழையது. இணைய வேகம் குறைந்த இடத்திலும் சட்டென்று திறக்கும். எபிரேய மறைநூலின் பழைய கையெழுத்துப்படியான அலெப்போ சுவடியையும் அதைச் சார்ந்த கையெழுத்துப்படிகளையும் பின்பற்றிய மூலம் உயிர்க்குறிகளுடன் இருக்கிறது. வேண்டுமானால் 1917ஆம் ஆண்டின் யூத ஆங்கில மொழிபெயர்ப்பை அருகில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அதிகாரத்திற்கும் ஒலிப்பதிவு உண்டு. அந்த ஒலிப்பதிவை ஓடவிட்டு, மாணவரை வலமிருந்து இடமாக விரலால் வரியைத் தொடரச் செய்வதுபோல் வாசிப்பைப் பழக்கும் பயிற்சி வேறில்லை என்பது என் கருத்து. தனாக்கின் பக்கத்தில் உரை கிடையாது, சொல்லைத் தட்டினால் அகராதி வராது. இந்தக் கட்டத்தில் அந்த எளிமை நன்மையே, ஏனெனில் கவனம் சிதற வழியில்லை.

உண்மையான போட்டி செஃபாரியாவுக்கும் அல்ஹதோராவுக்கும் இடையில்தான். ஜோஷுவா ஃபோயரும் பிரெட் லாக்ஸ்பைசரும் 2011இல் தொடங்கிய இலாபநோக்கற்ற அமைப்பு செஃபாரியா. அல்ஹதோரா, ரபீ ஹில்லெல் நொவெட்ஸ்கியும் நெய்மா நொவெட்ஸ்கியும் உருவாக்கியது. இரண்டும் இலவசம், இரண்டிலும் எபிரேய, ஆங்கில இடைமுகங்கள் உண்டு, இரண்டிலும் மறைநூலும் பல உரைகளும் உள்ளன. எனினும் வகுப்பறையில் இவை இரண்டும் வெவ்வேறு வேலைகளையே செய்கின்றன.

ஆதியாகமம் (தொடக்கநூல்) 22ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துக்கொள்வோம். 'இக்காரியங்களுக்குப் பின்பு' கடவுள் ஆபிரகாமைச் சோதித்தார் என்று அது தொடங்குகிறது. எக்காரியங்களுக்குப் பின்பு? 'தெவாரீம்' என்ற சொல் காரியங்களையும் வார்த்தைகளையும் குறிக்கும் என்பதால், சாத்தான் ஆபிரகாமைப் பற்றிக் குற்றம் சொன்ன வார்த்தைகளுக்குப் பின்பு, அல்லது பதின்மூன்று வயதில் விருத்தசேதனத்தை ஏற்றதாக இஸ்மவேல் ஈசாக்கிடம் பெருமையடித்த வார்த்தைகளுக்குப் பின்பு என்று இடைக்கால உரையாசிரியர் ராஷி இரு விளக்கம் தருகிறார். அவருடைய பேரன் ரஷ்பாம், முந்தைய அதிகாரத்தில் அபிமெலேக்குடன் ஆபிரகாம் செய்த உடன்படிக்கையைச் சுட்டி, அதற்காகவே இந்தத் துன்பம் வந்தது என்கிறார். மற்றோர் இடைக்கால உரையாசிரியரான ராம்பானோ, சோதனை சோதிக்கப்படுபவரின் பொருட்டு நிகழ்கிறது என்றும், அவருக்குள் உறங்கும் ஆற்றல் செயலாக வெளிப்படுவதே அதன் பயன் என்றும் வாதிடுகிறார். அல்ஹதோராவின் மிக்ராஓத் கெதோலோத் (வசனத்தோடு பல உரைகளையும் சேர்த்துத் தரும் பதிப்பு) பக்கத்தில் வேண்டிய உரையாசிரியர்களைத் தேர்ந்து, வசனத்தோடு சேர்த்து ஒரே பார்வையில் அடுக்கிக்கொள்ளலாம். அப்போது மாணவர் ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவரிடம் போவதில்லை. மூவரும் ஒரே வசனத்தின்மேல் வழக்காடுவதைக் காண்கிறார். யூத உரைமரபைக் கற்பிப்பதன் சாரமே இந்த வழக்காடல்தான். மேலும், அச்சில் வந்த வாசகங்களோடு நின்றுவிடாமல் கையெழுத்துப்படிகளை ஒப்பிட்டு உரைகளைச் செம்மைசெய்யும் உழைப்பும் அத்தளத்தில் தெரிகிறது.

செஃபாரியாவில் அதே வசனத்தைத் தட்டினால் பக்கவாட்டில் ஒரு பட்டியல் திறக்கும். உரைகளை அங்கும் படிக்கலாம், ஆனால் பொதுவாக ஒவ்வொன்றாகத் திறந்து மூடும்படி இருக்கும். அதன் வலிமை வேறிடத்தில் உள்ளது. உரைகளோடு நில்லாமல், அந்த வசனம் தல்மூதில் எங்கே எடுத்தாளப்படுகிறது, எந்த மித்ராஷ் அதை விரிக்கிறது என்பதையும் அப்பட்டியல் காட்டுகிறது. அந்த வழியில் தல்மூதின் சன்ஹெத்ரீன் என்னும் பகுதியின் 89ஆ பக்கத்திற்குச் சென்றால், ராஷி சொன்ன சாத்தானின் வார்த்தைகளும் இஸ்மவேலின் வார்த்தைகளும் அங்கே முழு உரையாடலாக இருக்கின்றன. ராஷி இதைத் தாமே புனையவில்லை, தமக்கு முன்னிருந்த மரபிலிருந்து எடுத்தார் என்பதை மாணவர் தாமே கண்டறியும் அந்த நொடிக்காக நான் செஃபாரியாவைத் திறப்பேன். ஆகவே என் பழக்கம் இது: உரைகளை ஒப்பிடும் பாடத்திற்கு அல்ஹதோரா, மூலத்தைத் தேடிச் செல்லும் பாடத்திற்கு செஃபாரியா.

தல்மூதுக்கு வந்தால் செஃபாரியாவுக்கு நிகராக ஒன்றும் இல்லை. அங்கேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதீன் ஸ்டைன்ஸால்ட்ஸ் 1965இல் தொடங்கி 2010இல் முடித்த பெரும்பணியின் ஆங்கில, எபிரேய வடிவங்கள், வில்லியம் டேவிட்சன் தல்மூத் என்ற பெயரில் 2017 முதல் இத்தளத்தில் திறந்த உரிமத்தோடு வெளிவரத் தொடங்கின. அரமேய மூலம் உயிர்க்குறிகளோடும் நிறுத்தற்குறிகளோடும் இருப்பது புதியவருக்குப் பேருதவி. ஆங்கிலத்தில் மூலத்தின் நேர்ச் சொற்கள் தடித்த எழுத்திலும், பொருள் விளங்கச் சேர்த்தவை சாதாரண எழுத்திலும் உள்ளன. தல்மூதின் பெராகோத் என்னும் பகுதியின் முதற்பக்கத்தில், மாலையில் ஷெமா என்னும் மறைநூல் வாசகத்தை எந்நேரம் முதல் ஓதலாம் என்று மிஷ்னா கேட்டதும், அதை விவாதிக்கும் தல்மூத் பகுதியான கெமாரா 'தன்னா ஹேக்கா காஈ தெக்காத்தானீ மேஎமாதை' என்று குறுக்கிடுகிறது. மொத்தம் ஐந்தே சொற்கள்: ஆசிரியர் எங்கே நின்றுகொண்டு 'எந்நேரம் முதல்' என்று கேட்கிறார்? ஓத வேண்டும் என்ற கடமையையே சொல்லாமல் நேரத்தை ஏன் கேட்கிறார் என்பது மாணவர் தாமே முட்டிமோதி அவிழ்க்க வேண்டிய முடிச்சு. ஆங்கிலப் பத்தி அதை முன்னதாகவே அவிழ்த்து, பல வரிகளில் பொழிந்து தந்துவிடுகிறது. தொல்காப்பிய நூற்பாவைப் பார்க்காமல் இளம்பூரணர் உரையை மட்டும் படிப்பவர் நூற்பாவின் செறிவை உணராததுபோல, இங்கே மாணவர் கெமாராவின் சுருக்கத்தைச் சந்திப்பதே இல்லை.

தீர்வு தளத்திலேயே இருக்கிறது. மூலம் மட்டும் தெரியும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு முதலில் படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு மொழிபெயர்ப்பைத் திறந்து, தடித்த சொற்களை மட்டும் தொடர்ந்து வாசிக்கச் சொல்ல வேண்டும். சாதாரண எழுத்துகளுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். செஃபாரியாவில் உரை துண்டு துண்டாக வருவதால் வழக்கமான அச்சுப் பதிப்பான வில்னா பதிப்பின் பக்க அமைப்பு, அதாவது நடுவே கெமாராவும் ஒருபுறம் ராஷியும் மறுபுறம் தோசஃபோத் என்னும் இடைக்கால உரையும் நிற்கும் அந்தத் தோற்றம், கண்ணுக்குத் தெரியாது. தாஃப் யோமி என்னும் தினமொரு பக்கப் படிப்பில் சேர விரும்புபவருக்கு அந்தப் பக்கம் பழகியாக வேண்டும் என்பதால், ஹீப்ரூபுக்ஸ் தளத்தின் வருடிய படிகளையும் அவ்வப்போது காட்டுவது நல்லது.

சொல்லுதவியில் செஃபாரியா தாராளமானது. சொல்லைத் தட்டினால் 1903இல் முழுமையடைந்த ஜாஸ்ட்ரோ அகராதி உட்படப் பல அகராதிகளின் பதிவுகள் வரும். எபிரேயச் சொற்களில் முன்னொட்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் பொருந்தாத வேர்களும் சேர்ந்தே வருகின்றன. சரியானதைப் பிரித்தெடுக்கத் தெரியாதவரிடம் இக்கருவியைக் கொடுப்பது குழப்பத்தையே தரும். உயிர்க்குறி இல்லாத உரைகளுக்கு டிக்டா அமைப்பின் நக்தான் கருவி குறியிட்டுத் தருகிறது. ஐயமுள்ள சொல்லைத் தட்டி மாற்றுவடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வகுப்புக்கு அச்சிடும் முன் ஆசிரியர் ஒருமுறை முழுவதும் சரிபார்த்தாக வேண்டும்.

பார்-இலான் பல்கலைக்கழகத்தின் ரெஸ்பான்சா திட்டம், அதாவது யூத நூல்களின் மின்னணுத் தேடல் தொகுப்பு, 1960களில் தொடங்கி 2007இல் இஸ்ரேல் விருது பெற்றது. சொல்லின் எல்லாத் திரிபுகளையும் சேர்த்துத் தேடும் அதன் ஆற்றல் ஆய்வாளருக்குரியது. அது கட்டணச் சேவை. கற்பிக்கும் ஆசிரியருக்கு அவசியம் இல்லை.

தமிழில் கற்பிப்பவருக்கு, குறிப்பாக நம் இறையியல் கல்லூரிகளில் எபிரேயம் எடுப்பவர்களுக்கு, செஃபாரியாவின் பாடத்தாள் வசதி இன்னொரு காரணத்தால் முக்கியமானது. வேண்டிய வசனத்தையும் உரையையும் இழுத்து வைத்து, இடையிடையே சொந்தக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதி, இணைப்பாகப் பகிரலாம், அச்சிடவும் செய்யலாம். பிறர் உருவாக்கிய தாள்களும் ஏராளமாக உள்ளன, ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அவற்றை அப்படியே எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆங்கில மொழிபெயர்ப்பையும் தாளில் சேர்ப்பவர் உரிமத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: 1917 மொழிபெயர்ப்பு பொதுவுடைமையாகிவிட்டது. டேவிட்சன் தல்மூதின் உரிமம் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே, ஆகவே விலைக்கு விற்கும் பாடநூலில் அதைச் சேர்க்க முடியாது.